தெரியாது என்று சொல்லும் விளையாட்டு

எங்கள் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கமிட்டித் தலைவியம்மாள் பெரிதாக ஒன்று எழுதி மாட்டியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மஞ்சள் பெயின்ட், நீல எழுத்து, கீழே கமிட்டிக்காரர்கள் பெயர். "போர்டு மாட்டுனா அடுத்த வாரமே அத்தனை புருஷன்மாரும் வந்து வரிசையில நிப்பானுங்க. நீங்களே வந்து அவனுங்களுக்குக் காபி கலந்து குடுங்க" என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. என் வாய் அப்படி. மாநகராட்சிப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்த வாய், எளிதில் அடங்காது. பலகை வரவில்லை.

கோச்சடையில், வைகைக் கரைக்குப் போகிற கடைசித் தெருவில் இருந்தது அந்த வீடு. பின்னால் தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் ஆறு. ஆறு என்று பெயர்தான். வருஷத்தில் பாதி நாள் மணலும் கருவேலஞ் செடியும். அடி வாங்கி ஓடிவந்தவர்கள், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், கைக்குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்து யாரோ புண்ணியவான் கூட்டிவந்து விட்டவர்கள், இப்படிப்பட்ட பெண்கள் வந்து தங்குவார்கள். தையலோ, சமையலோ, ஆஸ்பத்திரி ஆயா வேலையோ பழகிக்கொண்டு, சொந்தமாக ஒரு அறை பார்த்துப் போகிறவரை இருப்பார்கள். தெருக்காரர்கள் அதைத் தையல் பள்ளிக்கூடம் என்று நினைத்திருந்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் திருத்தவில்லை.

நான்தான் அங்கே எல்லாம். வார்டன், கணக்குப்பிள்ளை, காவல்காரி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குடும்பம் என்றால் என்னவென்று தெரியாதவளுக்கு இந்த வேலை எதற்கு என்று கமிட்டியில் சிலர் கேட்டார்கள். தெரியாததால்தான் பயமில்லாமல் செய்கிறேன் என்று பதில் சொன்னேன். அது முழுப்பொய். பயம் இருந்தது. கேட் கதவு சத்தம் கேட்டாலே எழுந்துபோய் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்ப்பேன்.

வீடு தொடங்கிய புதிதில் நடந்தது ஒன்று. நல்ல பகலில் ஒருவன் வந்தான். கேட்டுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையனுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, "உள்ள இருக்குற அக்காங்க பேரெல்லாம் என்னடா தம்பி?" என்று கேட்டிருக்கிறான். பையன் சந்தோஷமாகச் சொல்லிவிட்டான். அடுத்த நிமிஷம் உள்ளே புகுந்து, கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த தன் பெண்டாட்டியைத் தலைமுடியைப் பிடித்துத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போனான். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. புருஷன் பொண்டாட்டி விவகாரமாம், நடுவில் போகக் கூடாதாம். நானும் சமையல் செய்கிற அம்மாளும் விறகுக்கட்டையோடு ஓடிப்போய்த்தான் மீட்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று பெண்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஊர் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருத்தி சொன்னாள். சொந்த ஊரைச் சொன்னாலும் ஆபத்துதானே என்று இன்னொருத்தி கேட்டாள். அதனால் அவரவர் பார்க்காத ஊரைப் பெயராக வைத்துக்கொண்டார்கள். சமையல் அம்மாள் பம்பாய். காஜிமார் தெருப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண். தலாக் சொல்லி அனுப்பப்பட்டவர். மதுரையைத் தாண்டி ஒரு அடி வைத்தது கிடையாது. பம்பாயிலிருந்து வந்தவர்கள் வீட்டு வாசலில் அத்தர் வாசனை வீசுமாம், அதனால் அந்தப் பெயர். டில்லி இருந்தாள், கொழும்பு இருந்தாள். கொழும்புக்குக் கோபம் வந்தால் பம்பாய் நடுங்கும் என்று சிரித்துக்கொள்வோம்.

அப்படியொரு வீட்டுக்குத்தான் ஊட்டி வந்தாள். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் என்று நினைவு. அழகர்கோவில் மலைக்குப் போகிற பாதையில் ஒரு கிராமம் அவளுக்கு. கையில் ஒரு துணிப்பை, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. இடுப்பில் தூக்குகிற வயது இல்லை அதற்கு, ஐந்து தாண்டியிருக்கும். ஆனால் கீழே இறங்க மறுத்தது. அதன் இடது கையில், முழங்கைக்குக் கீழே, கரண்டியின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. காய்ச்சிய கரண்டி. "எனக்கு வச்ச சூடு டீச்சர். இவ குறுக்க வந்து விழுந்துட்டா" என்றாள். அழாமல் சொன்னாள்.

பெயராக எந்த ஊர் வேண்டும் என்று கேட்டதும், சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். பச்சை மலை, நடுவில் ஏரி, ஒரு படகு. "அது எந்த ஊரு?" ஊட்டி என்றேன். "அப்ப அதான்" என்றாள். குழந்தைக்கு எதுவும் வைக்கவில்லை. பாப்பா என்றே எல்லாரும் கூப்பிட்டோம்.

அவள் புருஷன் லாரி ஷெட்டில் வேலை பார்த்தவன். குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். இரண்டு தடவை பிறந்த வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். இரண்டு தடவையும் அவன் அவளைத் தேடி வரவில்லை. குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பின்னாலேயே இவள் தானாகத் திரும்பிப் போனாள். "என்னைய இழுக்க வேண்டியதில்ல டீச்சர். அதை எடுத்துட்டா நான் கயிறு கட்டுன மாதிரி பின்னாடியே போயிருவேன். அவனுக்கு அது தெரியும்." மூன்றாவது தடவை போனால் உயிரோடு இருக்க மாட்டாள் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. ஆகவே எங்கள் வேலை ஒன்றே ஒன்றுதான்: அந்தக் குழந்தை அவன் கண்ணில் படக் கூடாது.

விளையாட்டு அப்படித்தான் தொடங்கிற்று. சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் கூடத்தில் வட்டமாக உட்காருவார்கள். பாப்பா நடுவில். பம்பாய்தான் பரீட்சை வைப்பார்.

"பாப்பா, உன் பேரு என்ன?"

"தெரியாது."

"வீடு எங்க இருக்கு?"

"தெரியாது."

"அம்மா பேரு?"

"தெரியாது."

"அந்தா மூலையில உக்காந்துருக்காளே மூக்குத்தி போட்டவ, அது யாரு?"

பாப்பா தன் அம்மாவை நேராகப் பார்த்து, கொஞ்சமும் கண் சிமிட்டாமல், "தெரியாது" என்று சொல்லும். எல்லாரும் கைதட்டுவோம். பரிசு ஒரு கடலை மிட்டாய். வெளியாள் யார் எது கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. அதனால் அந்தக் கடலை மிட்டாய்க்கு அத்தனை மவுசு.

போகப் போகப் பாடம் கடினமாயிற்று. பம்பாய் குரலை மாற்றிப் போலீஸ்காரர் மாதிரி அதட்டுவார். டில்லி அழுகிற மாதிரி நடிப்பாள். கடைசிப் பரீட்சை ஊட்டி வைப்பது. குழந்தையை இழுத்து மடியில் போட்டு, முகத்தோடு முகம் வைத்து, "அம்மாடா கண்ணு. இப்பச் சொல்லலாம்டா. யாரும் இல்ல, சொல்லுடா" என்று கொஞ்சுவாள். ஆரம்பத்தில் பாப்பா ஏமாந்துபோய்ச் சொல்லிவிடும். உடனே ஊட்டியின் முகம் மாறிப்போகும். "நானே கெஞ்சுனாலும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல? உங்கப்பன் என் கழுத்துல கத்தி வச்சு கேக்கச் சொல்லிருப்பான்ல? சொன்னா அம்மா செத்துப் போவேன்ல?" அப்புறம் அது ஏமாறவே இல்லை. அம்மா கொஞ்சும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணால் மட்டும் சிரிக்கும்.

தலைவியம்மாள் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "பச்சைப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுக்கிறீங்களே டீச்சர், இது பாவமில்லையா?" நான் குழந்தையைக் கூப்பிட்டு அதன் கையை அவர் முன்னால் நீட்டிக் காட்டினேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்றைக்கு அந்த வீட்டை மறுபடியும் திறந்தாலும் நான் அதே பாடத்தைத்தான் வைப்பேன். வேறு என்ன வழி இருந்தது? யாராவது சொல்லட்டும்.

ஊட்டியின் கை, தையலுக்கென்றே படைத்த கை. பழைய தையல் மெஷினில் கட்பீஸ் துணியை வைத்துக்கொண்டு குழந்தைப் பாவாடையாகத் தைத்துத் தள்ளினாள். ஓரத்தில் சின்னச் சின்னப் பூ. அந்தச் சித்திரையில் தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை கிடைத்தது. மகளிர் கைவேலை என்று பொதுவாக ஒரு பெயரில். ஊறுகாய், வத்தல், தலையணை உறை, இவள் தைத்த பாவாடைகள். மூன்று மாதம் இப்படி வேலை வந்தால் ஆனையூர்ப் பக்கம் ஒரு அறை எடுத்துப் போய்விடலாம், பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்பார்களே, அப்போது சொல்லலாமா என்று பாப்பா கேட்டது. சொல்லலாம், அப்போ சொல்லலாம் என்றாள்.

சித்திரைத் திருவிழா முடிகிறவரை நான் அவளைக் கடைப்பக்கம் விடவில்லை. அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது அந்தப் பக்கத்து ஊரே மதுரையில்தான் கிடக்கும். வண்டி கட்டிக்கொண்டு வந்து ஆற்று மணலில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும் சனம். எவன் எங்கே இருப்பான் என்று சொல்ல முடியாது. அழகர் திரும்பிப் போனதும் அவள் ஆரம்பித்தாள். "சாமி மலைக்குப் போயிருச்சு டீச்சர். எங்க ஊர்க்காரங்க அது பின்னாடியே போயிருப்பாங்க. அதுக்கப்புறம் ஒருத்தன் மதுரையில தங்க மாட்டான், அது எங்க ஊர் வழக்கம். நான் தச்சதை ஆளுங்க வாங்குறதைப் பாக்கணும் டீச்சர். ஒரே ஒரு நாளு." நியாயமான கணக்குதான். சாமி திரும்பிய பிறகு ஊர்ச்சனம் நிற்காது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூட்டிக்கொண்டு போனோம்.

பொருட்காட்சி எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புழுதி, டெல்லி அப்பளத்தின் எண்ணெய் நாற்றம், ராட்டினத்தின் கிறீச் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே ஓயாமல் கத்தும் ஒலிபெருக்கி. ஊட்டி கடைக்குள்ளே, தொங்கவிட்ட துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். யாராவது பாவாடையை எடுத்துப் பார்க்கும்போது துணியின் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பாள். ஒரு அம்மாள் தன் பேத்திக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, "தையலு நல்லாருக்கே, யாரு தச்சது?" என்று கேட்டார். பம்பாய், "ஊட்டியிலருந்து வருதும்மா" என்று சொன்னார். துணிக்குப் பின்னால் ஊட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் பாப்பா பக்கத்தில் இல்லை என்று பார்த்தாள்.

கடைக்குப் பின்னால் இல்லை. அடுத்த கடையில் இல்லை. சாயங்கால வெயில் சாய்ந்து விளக்குப் போடுகிற நேரம், கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்தது. "போலீஸ் கூடாரத்துல போய்ச் சொல்லுவோம், மைக்குல கூப்புடுவாங்க" என்றார் பம்பாய். ஊட்டி என் கையை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது. "மைக்கு வேணாம் டீச்சர். பேரை மைக்குல சொன்னா ஊருக்கே கேக்கும். நாமளே தேடுவோம். அது எங்கயும் போகாது." ராட்டினத்துப் பக்கம் நானும், பலூன்காரன் பக்கம் அவளுமாக ஓடினோம். பம்பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு மறுபக்கம் போனார்.

அப்போதுதான் பாட்டை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கி பேசிற்று.

"பொதுமக்கள் கவனத்திற்கு. பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை அணிந்த, சுமார் ஆறு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை எங்கள் பாதுகாப்பில் உள்ளது. குழந்தை தன் பெயரையும் பெற்றோர் பெயரையும் சொல்ல மறுக்கிறது. இடது கையில், முழங்கைக்குக் கீழே, கரண்டியால் சூடு போட்ட தழும்பு உள்ளது. பெற்றோர் உடனடியாகக் காவல்துறைக் கூடாரத்திற்கு வரவும்."

திரும்பவும் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பெயர் இல்லாததால் அந்தத் தழும்பைத்தான் அடையாளமாகச் சொன்னார்கள். ஊட்டி கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவது தெரிந்தது. சேலைத் தலைப்பு எங்கோ மாட்டிக் கிழிந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன். ஆயிரம் பேர் இருந்தாலும் அந்தக் கரண்டி யார் வீட்டுக் கரண்டி என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவன் இங்கே இருக்கக் கூடாது, மலைக்குப் போயிருக்க வேண்டும், போயிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

அவன் எங்களுக்கு முன்னால் வந்திருந்தான்.

வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு. ஏட்டையாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றான். நான் ஏதோ ராட்சசனை எதிர்பார்த்திருந்தேன். பாங்கிக்குப் பணம் கட்ட வந்தவன் மாதிரி இருந்தான். ஊர்ச்சனம் மலைக்குப் போனாலும் பிள்ளையைத் தேடுகிறவன் தங்கிவிடுவான் என்பது எங்கள் கணக்கில் இல்லை. பாப்பா ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. அதன் கையில் யாரோ கொடுத்த கலர் சோடா பாட்டில். ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை.

"ஏட்டையா, எம் பிள்ளை" என்று ஊட்டி உள்ளே விழுந்தாள்.

ஏட்டையா கெட்டவர் இல்லை. நாள் முழுக்க நின்று சலித்துப் போன மனிதர். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னப்பா இது? உன் சம்சாரமா?"

அவன் ஊட்டியை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு நொடிதான். "இல்லீங்கய்யா. இந்தம்மா யாருன்னு தெரியலையே" என்றான்.

நான் சும்மா இருப்பேனா? "பாவி, பொய் சொல்றான்! இவதான் இந்தப் பிள்ளையோட அம்மா. சூடு போட்டதே இவன்தான்" என்று கத்தினேன். நீ யாரம்மா என்றார் ஏட்டையா. எந்த இடம், என்ன விவரம் என்று கேட்டார். அவன் பக்கத்திலேயே நிற்கிறான். கோச்சடை என்று நான் எப்படிச் சொல்வேன்? வீட்டில் இன்னும் எத்தனை பெண்கள். வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான் எனக்கு வாய் வரவில்லை.

ஏட்டையா குழந்தைப் பக்கம் குனிந்தார். "பாப்பா, பயப்படாம சொல்லு. இது யாரு?" அவனைக் காட்டினார்.

"அப்பா" என்றது பாப்பா.

உண்மைதானே. அப்பாவைத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் பாடத்தில் அந்தக் கேள்வியே கிடையாது.

"சரி, இந்தம்மா யாரு?"

பாப்பா தன் அம்மாவைப் பார்த்தது. பிறகு அப்பாவைப் பார்த்தது. மறுபடி அம்மாவை நேராக, கண் சிமிட்டாமல் பார்த்தது.

"தெரியாது."

"அடி ஆத்தி" என்று எனக்குப் பின்னால் பம்பாயின் குரல் கேட்டது. மூச்சிரைக்க வந்து நின்றிருந்தார்.

ஊட்டி மண்டிபோட்டு ஸ்டூலைக் கட்டிக்கொண்டாள். "அம்மாடா கண்ணு. இப்பச் சொல்லலாம்டா. நெசமாச் சொல்லலாம்டா. சொல்லுடா செல்லம்." அழுதுகொண்டே முகத்தோடு முகம் வைத்தாள். அவள் கெஞ்சக் கெஞ்ச, பாப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. கடைசிப் பரீட்சை அது. அப்பன் பக்கத்தில் நிற்கிறான், அம்மா கெஞ்சுகிறாள், சொன்னால் அம்மா செத்துப்போவாள். எத்தனை சாயங்காலம் படித்த பாடம்! அம்மாவின் தோளுக்கு மேலாக அது என்னைப் பார்த்தது. சரியாகச் சொன்னேனா டீச்சர் என்று கேட்கிற பார்வை. அதை நான் எங்கே போய்ச் சொல்ல?

"பிள்ளையே தெரியாதுங்குதேம்மா" என்றார் ஏட்டையா. "அப்பன்காரன் பேரு, ஊரு எல்லாம் சொல்றான். நான் என்ன செய்ய?" நான் அவர் சட்டையைப் பிடிக்காத குறை. இரண்டு போலீஸ்காரர்கள் என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அவன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். எங்களைத் தாண்டும்போது நின்றான். இப்போது பணிவெல்லாம் இல்லை. ஊட்டிக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வீட்டுக் கதவு தொறந்துதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தான். கூட்டத்துக்கு மேலே பாப்பாவின் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. திரும்பி எங்களையே பார்த்துக்கொண்டு போயிற்று. கையை ஆட்டவில்லை. தெரியாதவர்களுக்குக் கை ஆட்டக் கூடாதல்லவா.

மறுநாள் காலையில் ஊட்டி துணிப்பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கத்தினேன், திட்டினேன், கேட்டை மறித்துக்கொண்டு நின்றேன். வக்கீலைப் பார்ப்போம், கோர்ட்டுக்குப் போவோம் என்றேன்.

"கோர்ட்டு தீர்ப்பு சொல்றப்ப எம் பிள்ளைக்குக் கல்யாணமே ஆயிருக்கும் டீச்சர்."

"போனா உன்னைக் கொன்னுருவான்டி!"

"தெரியும். ஆனா அது அங்க உக்காந்து, நம்ம சரியாத்தானே சொன்னோம், ஏன் அம்மா வரலைன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கும்ல?" பிறகு பம்பாய் பக்கம் திரும்பினாள். "அக்கா, கடலை மிட்டாய் பொட்டலம் இருந்தா குடுங்க. நேத்து அதுக்குக் குடுக்க வேண்டியது."

பம்பாய் டப்பாவோடு கொண்டுவந்து பையில் கொட்டினார். ஊட்டி என்னிடம் "வாரேன் டீச்சர்" என்றாள். போறேன் என்று சொல்லக் கூடாது என்பதற்காகச் சொன்ன வாரேன். ஆற்றங்கரை வழியாகவே நடந்து போனாள். அன்றைக்கு முழுவதும் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

தெரிந்த வக்கீலிடம் போனேன். அவள் ஊருக்கான போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டு தடவை அந்த ஊருக்கே போய்த் தெருமுனையோடு திருப்பி அனுப்பப்பட்டேன். பொம்பளையைக் கெடுக்க வந்தவள் என்று என் மேல் மண்ணை வாரி இறைத்தார்கள். ஒரு தடவை தூரத்தில் அவளைப் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். என்னைப் பார்த்தாள், தெரியாதவளைப் பார்ப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் பாடத்தை அவளும் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில், ஒரு மத்தியானம், கேட் சத்தம் கேட்டது. கீரைக் கூடை வைத்துக்கொண்டு ஒரு பெண், பக்கத்தில் பாப்பா. உயரம் கூடியிருந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அந்தப் பெண் அவர்கள் ஊர்க்காரி, மதுரைக்கு வந்து கீரை விற்கிறவள். கூடையை இறக்காமலே சொன்னாள். "இவ அம்மா கிணத்துல தண்ணி எறைக்கப் போன எடத்துல தவறி விழுந்துட்டான்னு சொல்றாக. நீச்சல் தெரிஞ்ச பிள்ளைம்மா அது. நான் எதுவும் சொல்லல. அவன் வேற பொண்ணு பாத்துட்டான், வாரவளுக்கு இது வேணாமாம். எதாச்சும் ஆச்சுன்னா கோச்சடையில தையல் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டுருங்கன்னு அவ எங்கிட்டச் சொல்லிருந்தா. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு, குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பாப்பா அழவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தது. காலண்டர் இருந்த இடத்தில் வேறு காலண்டர். பம்பாய் சுடச்சுடச் சோறு போட்டார், சாப்பிட்டது. தட்டைக் கழுவி வைத்தது. பிறகு, பழைய வட்டத்தில் எப்போதும் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது.

"டீச்சர், இப்பச் சொல்லலாமா?"

"என்னத்தைம்மா?"

"எங்க அம்மா பேரை."

பம்பாய் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். பாப்பா அவரையும் ஒரு பார்வை பார்த்தது. இது பரீட்சையா இல்லையா என்று பார்த்திருக்க வேண்டும்.

"சொல்லும்மா" என்றேன். "இனி சொல்லலாம்."

முதலில் மெதுவாகச் சொன்னது. யாரும் எதுவும் செய்யவில்லை என்று கண்டதும், இன்னொரு தடவை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னது.